ஆடியில் தொடங்கும் தவணை

தம்பிகளே, யுத்தம் முடிந்து நம் தேனி டிப்போவில் மறுபடியும் கார் விற்க ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். நீங்கள் நாலு பேரும் புதுச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் மினுங்க, வாசலில் வரிசையாக நின்றிருந்தீர்கள். பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளைத் தோழர்கள்கூட அத்தனை விறைப்பாக நிற்க மாட்டார்கள். உள்ளே வந்தவர் வருசநாட்டுப் பக்கத்து விவசாயச் சம்சாரி என்பது அவர் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள் உங்களில் ஒருவர் சிலிண்டர் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் இலவச டயரைப் பற்றிச் சொன்னார். மூன்றாமவர் தவணைத் தாளை நீட்டினார். பாவம் அந்த மனிதர், பானைத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வந்த வேலை முடிந்தது போலப் போய்விட்டார்.

சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அந்த வாசலில் அப்படி நின்றவன்தான். என்ன, என் சட்டை இத்தனை வெள்ளையாக இருந்ததில்லை.

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அதைக் கம்பெனிப் புத்தகமே சொல்லும். வாங்குகிறவரைப் பற்றித்தான் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதனால் சீனிச்சாமி அண்ணன் கதையைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். பாதியில் யாராவது வாசலுக்கு வந்தால் எழுந்து போய் விற்றுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

யுத்தத்துக்குச் சில வருசம் முந்தி அது. டிப்போ அப்போது சந்தைக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பளபளவென்று ஒரு சின்ன இங்கிலீஷ் கார் நிற்கும். புழக்கடையில், போடி மலை எஸ்டேட்காரர் ஒருவர் புது வண்டி வாங்கும்போது தள்ளிவிட்டுப் போன பழைய அமெரிக்கக் கார் ஒன்று கிடக்கும். ஏழு பேர் உட்காருகிற வண்டி. கித்தான் கூரை வெளுத்துப்போய், அடியில் கோழிகள் படுத்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, நாங்களும் காட்டியதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் அப்போது கார் வாங்க வருகிறவர்கள் முதலில் ஹாரனை அமுக்கிப் பார்ப்பார்கள். சத்தம் திருப்தியாக இருந்தால் விளக்கைப் போடச் சொல்வார்கள். பிறகு மெத்தையில் உட்கார்ந்து ஒரு தடவை குதிப்பார்கள். எஞ்சின் இருக்கிறதா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை, அது எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கை. இதில் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. நாமும் விளக்கையும் ஹாரனையும் காட்டித்தானே விற்கிறோம்.

சீனிச்சாமி அண்ணன் சின்னமனூர்க்காரர். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற நஞ்சை, குமுளிக்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டம், கூட்டுக் குடும்பம். மனிதர் சந்தையில் மாடு பிடிப்பதில் கெட்டிக்காரர். என் தகப்பனார் மாட்டுத் தரகர் என்பதால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரியும். அவருக்குக் கார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. கொட்டகைக்குள் காலடி வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏய்யா ஏசண்டு, எங்க சகலபாடி வண்டிக்கு முன்னால ரெண்டு லைட்டு. இதுல எத்தன?"

"இதிலயும் ரெண்டுதான் அண்ணே."

"மூணாவது ஒண்ணு மாட்ட முடியாதா?"

சகலபாடி கார் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு மனிதனுக்குத் தூக்கம் வருமா? கூட வந்திருந்த அழகம்மாள் அக்கா, அவர் வீட்டுக்காரம்மா, ஒன்றும் பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தார். வீட்டுக்குத் தேவை தோட்டத்துக்குப் போய்வர ஒரு வண்டி, பிள்ளைகுட்டிகளோடு ஏறுகிற மாதிரி, கைக்கு அடக்கமான விலையில். இதை அவர் பிறகுதான் சொன்னார். அன்றைக்கு அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து எங்கள் மேனேஜர் வந்து உட்கார்ந்திருந்தார். பங்குனி வெயிலில் கோட்டு போட்ட ஒரே மனிதர் அந்தத் தேனியில் அவர்தான். அவர் வந்த காரணம் எனக்குத் தெரியும். அந்த மாதக் கடைசிக்குள் ஒரு வண்டியாவது போகாவிட்டால் டிப்போவைப் பூட்டிவிட்டுச் சாவியை மதுரைக்குக் கொண்டுபோவதாக உத்தரவு. வீட்டில் என் மனைவிக்கு அப்போது மாசம் ஏறிக்கொண்டிருந்தது. டிப்போவைப் பூட்டினால் நான் தகப்பனாரோடு சந்தையில் போய் மாட்டு வாலைப் பிடிக்க வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க அன்றைக்கு அதிகமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் எழுந்து வந்து கம்பெனியின் சலுகைகளை அடுக்கினார். புது வண்டி எடுத்தால் ஒரு டயர் இலவசம். முன்பணம் மற்ற இடங்களில் கேட்பதில் பாதி கொடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மூன்று மாதம் தவணையே கிடையாது. கடைசிச் சலுகையைச் சொல்லும்போது மனிதர் சாமி வரம் கொடுப்பது போலக் கையைத் தூக்கினார்.

"மூணு மாசம் ஒண்ணுமே குடுக்க வேணாமா?" என்றார் அண்ணன்.

"ஒரு பைசா வேண்டாம்."

"இந்தா பாத்தியா!" என்று அவர் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா பின் சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி முன்பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வயல் பத்திரம் ஒன்றைக் கம்பெனியில் ஈடாக வைக்க வேண்டும். அண்ணன் வீட்டு நிலமெல்லாம் தம்பிகளோடு பொது. தனிப் பத்திரம் என்று இருந்தது அக்காவின் பெயரில் இருந்த வயல் ஒன்றுதான். அவர் தகப்பனார் சீராகக் கொடுத்த வாய்க்கால் ஓரத்து நஞ்சை. அண்ணன் அதை யோசித்துப் பார்த்தாரோ இல்லையோ, "அதுக்கென்ன, வச்சுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் மாடு பிடிக்கிற மனிதர் அல்லவா? விலை பேசுவதற்கு முன்னால் வண்டியில் பூட்டிப் பார்க்காமல் அவர் எந்த மாட்டையும் பிடித்ததில்லை.

"பூட்டிப் பாத்துருவோம். எங்க ஆளுகள ஏத்திக்கிட்டு குமுளி மலையில ஏறட்டும். ஏறுனா வெல பேசலாம்."

மேனேஜருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சின்னமனூரில் அண்ணன் வீட்டு வாசலில், வண்டிக்குள் அண்ணனும் அக்காவும் நாலு பிள்ளைகளும் ஒரு தம்பியும் ஏறியிருந்தார்கள், தோட்டத்து ஆட்களுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஏறியிருந்தது. நாலு பேருக்கென்று செய்த வண்டி அது. நான் ஓட்டினேன். மேனேஜர் என் பக்கத்தில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை கையில் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. கோட்டு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் போனது. உத்தமபாளையம் தாண்டும்போது பின்னால் இருந்து அக்காவின் குரல் முதல் தடவையாகக் கேட்டது.

"ஏசண்டு தம்பி, இந்த வண்டி யாரு பேர்ல இருக்கும்?"

"தவண முடியிற வரைக்கும் கம்பெனி பேர்ல இருக்கும் அக்கா."

"வயல் பத்திரம்?"

"அதுவும் கம்பெனியில இருக்கும்."

"அப்ப எங்ககிட்ட என்னதான் இருக்கும்?"

நான் கொஞ்சம் யோசித்து, "சாவி இருக்கும் அக்கா" என்றேன். பின்னால் தம்பிக்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் அவரை முறைத்ததாகக் கேள்வி.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டிக்குத் தெரிந்துவிட்டது, இது தன் வேலை இல்லையென்று. முதல் வளைவில் முனகியது. இரண்டாவது வளைவில் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. பிறகு நின்றுவிட்டது. பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். எல்லாரும் இறங்கினோம். அரிசி மூட்டையும் இறங்கியது. தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து, பிறகு நான் வண்டியில் தனியாக உட்கார, மற்றவர்கள் தள்ளினார்கள். மேனேஜரும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். வாழ்க்கையில் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போன நிமிசம் அதுதான்.

"போறதுக்கும் நம்ம காசு, தள்ளுறதுக்கும் நம்ம கையா?" என்று அக்கா பொதுவாகக் கேட்டார். எல்லாரும் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார்கள்.

இத்தோடு அண்ணன் கைவிட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மனிதனை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பாதி மலையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில் அவர், "புதுமாடு மொத நா சண்டித்தனம் பண்ணத்தான் செய்யும். பழகுனா ஏறும்" என்று வண்டிக்குப் பரிந்து பேசிக்கொண்டே வந்தார். சகலபாடி வீட்டு வழியாகப் போகச் சொன்னார். அங்கே என்னை ஹாரன் அடிக்கச் சொன்னார். தம்பிகளே, ஒருவர் வண்டிக்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிட்டால் விற்பனை முடிந்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

அங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது. அந்தத் தவணைத் திட்டத்தை நான் வழியெல்லாம் மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போது பங்குனி. மாசி அறுவடைப் பணம் அண்ணன் கையில் இருக்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் கம்பெனி ஒரு பைசா கேட்காது. அந்த மூன்று மாதத்தில் வீரபாண்டித் திருவிழா வரும், சொந்தத்தில் நாலு கல்யாணம் வரும், கையில் இருக்கிற பணம் வந்த வழியே போய்விடும். முதல் தவணை ஆடியில் தொடங்கும். ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் யாரிடம் என்ன இருக்கும்? பணமெல்லாம் வயலுக்குள் நாற்றாக நிற்கும். உழவுக்கூலி, நடவுக்கூலி, எரு என்று இன்னும் கேட்கும். அடுத்த நெல் வீட்டுக்கு வர ஐப்பசி ஆகும். கொடுக்க முடிகிற மாதத்தில் வேண்டாம் என்றும், முடியாத மாதத்தில் கொண்டா என்றும் சொல்கிற திட்டம் அது. இரண்டு தவணை தவறினால் வண்டி கம்பெனிக்குத் திரும்பிவிடும், முன்பணம் போகும். மீதிப் பணத்துக்கு அக்காவின் வயல் பதில் சொல்ல வேண்டும்.

மேனேஜரிடம் தனியாக இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. மாதச் சம்பளக்காரர், அவ்வளவுதான். எல்லா மாதமும் அவருக்கு ஒரே மாதிரி. "மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைத்தால் முடிந்தது. அது அவர்கள் பாடு. உன் பாடு டிப்போ" என்றார். சொல்லிவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கொட்டகைக்குள் போனோம். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "வா ஏசண்டு, வெல பேசுவோம்" என்று கையை நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்குள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த விரலை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் விலை ஏறும், இறங்கும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. அதில் இன்னொரு பிடியும் உண்டு. விற்பவர், எதிராளியின் விரல்கள் எல்லாவற்றையும் மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டால், இந்த மாட்டில் குறை இருக்கிறது, ஊர் முன்னால் என்னால் சொல்ல முடியாது, நீங்கள் பிடிக்க வேண்டாம் என்று பொருள். அபூர்வமாகத்தான் செய்வார்கள். செய்துவிட்டால் வாங்க வந்தவர் அந்த இடத்தில் காரணம் கேட்கக் கூடாது. எழுந்து போய்விட வேண்டும்.

மேனேஜர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வரப்போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி நின்று பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வயல் அந்தத் துண்டுக்குள் இருந்தது, அது அவருக்கும் தெரியும். எனக்கு என் மனைவி ஞாபகம் வந்தது. பூட்டின டிப்போ ஞாபகம் வந்தது. நிறைய நேரம் யோசித்தது போலத் தோன்றியது, உண்மையில் ஒரு தும்மல் நேரம்கூட இருக்காது. அண்ணன் விரல்களை மடக்கி, அமுக்கி, திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு படி இறங்கிவிட்டார்.

மேனேஜர் ஆடிப்போய்விட்டார். "எவ்வளவு சொன்னாய்? இப்படி எழுந்து ஓடுகிற அளவுக்கு என்ன விலை சொன்னாய்?"

"துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்றது சந்தையில வழக்கம் இல்ல சார்."

"இது சந்தையா?" என்று கத்தினார். நான் கொட்டகையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். வெளியே மாடு கத்தியது. மாதக் கடைசியில் வந்து பூட்டுவதாகச் சொல்லிவிட்டு அவர் ரயிலேறிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய நியாயஸ்தன் மாதிரி செய்துவிட்டேனே தவிர, வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. நல்ல காரியம் செய்தவனுக்கு மனசு லேசாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வயிறுதான் லேசாக இருந்தது.

சந்தை நாளில் அண்ணன் வந்தார். இந்தத் தடவை தனியாக. வந்ததும் வராததுமாகச் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"ஏய்யா, இத்தன வருசத்துல சந்தையில ஒருத்தன் எங்கைய மடக்குனதில்ல. வண்டி எங்கன்னு சகலபாடி கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாக. புது வண்டியில என்னய்யா கொற?"

"வண்டியில கொற இல்ல அண்ணே. தவணையில இருக்கு."

"தவணையில என்ன? மூணு மாசம் ஓசிதான?"

"போன ஆடியில உங்க கையில என்ன இருந்துச்சு அண்ணே?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆடியிலயா? ஆடியில எவன் கையில என்னய்யா இருக்கும்? மம்பட்டிதான் இருக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அது இலவச டயர். "ஆடிக்கு என்ன பண்ணுவோம்னு அவ அன்னைக்கே வீட்டுல கேட்டா, நாந்தான் வாய அடக்குனேன்" என்றார்.

மாதக் கடைசியில் மேனேஜர் பெரிய பூட்டோடு வந்து இறங்கினார். அதே நாளில் அண்ணனும் அக்காவும் பிள்ளைகளோடு வந்தார்கள். அக்கா நேராகப் புழக்கடைக்குப் போனார். கோழியைத் துரத்திவிட்டு, அந்தப் பழைய அமெரிக்க வண்டியில் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றி உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

"இது மல ஏறுமா தம்பி?"

"ஏறும் அக்கா. எஸ்டேட்டுல இருந்த வண்டி. ஆனா பெட்ரோல் குடிக்கும்."

"குடிக்கட்டும். வாரத்துக்கு ஒருக்கத்தான தோட்டத்துக்குப் போகப் போறோம். தெனமும் சகலபாடி வீட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறதுக்கு வண்டி வாங்கலையே."

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். கித்தான் கிழிந்திருப்பதையும் ஒரு டயர் தேய்ந்திருப்பதையும் அக்கா மேனேஜருக்குக் காட்டினார். காட்டிக்கொண்டே விலையைக் குறைத்தார். இதில் துண்டெல்லாம் போடவில்லை, எல்லாம் வாயால்தான். பிறகு பணம் கொடுக்கும் விதத்தைச் சொன்னார். மாசி அறுப்புப் பணத்தில் பாதி இப்போதே. மீதி ஐப்பசி அறுப்பில். நடுவில் ஒன்றும் கிடையாது. வயல் பத்திரமும் கிடையாது.

"கம்பெனிச் சட்டத்தில் ஐப்பசி என்று ஒன்று இல்லை அம்மா. மாதத் தவணைதான்" என்றார் மேனேஜர்.

"எங்க வயலுக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு இல்லீகளே. இருந்தாக் குடுத்துருவோம்."

"ஈடு இல்லாமல் எப்படி?"

"பாதிப் பணம் உங்க கையில இருக்குமில்ல? நாங்க குடுக்கலைனா வண்டியத் திரும்ப எடுத்துக்கிட்டு அந்தப் பாதியையும் வச்சுக்கோங்க. ஆனா வண்டிக்கு வண்டிதான் ஈடு. வயலு எதுக்குங்க அதுல?"

மேனேஜர் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார், கோழி எச்சம் விழுந்த வண்டியைப் பார்த்தார். விற்பனை இல்லாமல் மதுரைக்குத் திரும்பினால் அவரை யாரும் மாலை போட்டு வரவேற்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அண்ணன் மெதுவாக என்னிடம் வந்து, "புது வண்டியில இருக்கிற ஹாரனக் கழட்டி இதுல மாட்டித் தருவியா?" என்று கேட்டார். மாட்டிக் கொடுத்தேன். அந்த அளவுக்காவது மனிதருக்கு ஆறுதல் வேண்டாமா?

டிப்போ பிழைத்தது. அந்த வருசம் மழை பிந்தியதால் ஐப்பசி அறுப்பும் பிந்தி என் உயிரை வாங்கியது. ஆனாலும் தீபாவளிக்கு மறுநாள் அண்ணனே வந்து மீதியைக் கட்டிவிட்டுப் போனார்.

இதைப் பார்த்துவிட்டு ஊரே அறுவடைத் தவணை கேட்டு வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் புது வண்டிதான் கேட்டார்கள். "மூணு மாசம் ஓசியாமே?" என்று ஆசையாகக் கேட்டார்கள். ஆடியைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கிருவோம்யா, டயரு எங்கன?" என்றார்கள். பத்திரங்களும் மதுரைக்குப் போயின. எங்கெங்கோ கடன் வாங்கி ஆடித் தவணையைக் கட்டினார்கள், ஐப்பசியில் அந்தக் கடனைக் கட்டினார்கள். வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

யுத்தம் வந்ததும் எல்லாம் நின்றது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லை. போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் பாருங்கள். வீட்டுக்கு வீடு காரைச் செங்கல்மேல் ஏற்றி வைத்தார்கள். ஓடாத வண்டிக்கு எவன் கடன் வாங்கித் தவணை கட்டுவான்? தவணைகள் நின்றன. பாக்கி உள்ள வண்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. கொண்டுவர வேண்டிய ஆள், விற்ற ஆள்தான்.

கரியில் ஓடுகிற ஒரு லாரியோடு ஊர் ஊராகப் போனேன். பண்ணைப்புரத்தில் ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். கம்பத்தில் ஒரு சின்னப் பெண் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதது. அதன் தகப்பன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வண்டி விற்ற நாளில் அதே மனிதர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர். அவர்களுக்கு நான் முன்னாலேயே சொன்னேன் என்பது உண்மைதான். அந்த வாசலில் நிற்கும்போது அந்த உண்மை எனக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை. அந்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கப் பயந்தேன்.

ஒரு மத்தியானம் லாரியில் இரண்டு வண்டிகளை ஏற்றிக்கொண்டு சின்னமனூர் வழியாக வந்தோம். தெருவோடு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அழகம்மாள் அக்கா வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மாட்டுக் கொட்டத்தில் அவர்களுடைய வண்டியும் செங்கல்மேல்தான் நின்றது. பெட்ரோல் அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"என்ன தம்பி, எங்க வண்டியையும் ஏத்த வந்தீகளா?"

"பாக்கி இருந்தாத்தான அக்கா ஏத்துறதுக்கு."

"அப்ப என்னத்துக்கு வெயில்ல நிக்கிறீக? லாரிய அங்கன நெழல்ல போடச் சொல்லிட்டு உள்ள வாங்க. உங்க அண்ணன் இப்பத்தான் வயல்ல இருந்து வந்தாக. எல போடுறேன்."

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சொம்பை வாங்கி இன்னொரு தடவை நிரப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து அண்ணன், "ஏய்யா ஏசண்டு, சோறு வெஞ்சனமெல்லாம் ஆறுது, வா" என்று கூப்பிட்டார்.

தம்பிகளே, தேனியிலிருந்து குமுளி அடிவாரம் வரைக்கும் நான் கார் விற்ற வீடுகள் பல உண்டு. அந்த வருசம் நான் கை நனைக்க முடிந்தது அந்த ஒரு வீட்டில்தான்.